கடைசலும் பிடிமானமும்

(கண்டியில், தொழிற்பயிற்சி மாணவர்களும் பட்டறைத் தொழிலாளரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரும்பைக் கடைசல் பிடிக்கும் தொழிலைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வெட்டுளியின் கூர்மையையும், மோட்டாரின் வலுவையும், சுழற்சியின் வேகத்தையும் விதந்து பேசுவார்கள். பொருளைப் பற்றிப் பிடித்து நிறுத்துகிற சாதனங்களைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். ஆயினும், லேத்தின் முன் நெடுங்காலம் நின்று தொழில் செய்தவர்களைக் கேட்டால், வேலையின் நன்மை தீமை உளி பட்ட பின்னர் நிச்சயமாவதன்று, பொருளைப் பிடித்த அந்தக் கணத்திலேயே நிச்சயமாகிவிடுவது என்று தயக்கமின்றிச் சொல்வார்கள். உளி மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். வேகம் மிகுந்தால் குறைத்துக்கொள்ளலாம். பிடிமானம் பிழைத்த பொருளோ, எத்தனை சிரத்தையோடு வெட்டினாலும், பிழைத்த பொருளாகவே வெளிவரும். ஆகவே இன்று இந்தப் பிடிமானத்தையே விஷயமாக எடுத்துக்கொண்டேன். அதிலும், விலைகொடுத்து வாங்கும் சாதனங்களை விடுத்து, நம் பட்டறையில், நம் யந்திரத்தின்மேலேயே, நம் கையால் செய்துகொள்ளக்கூடிய சாதனங்களைப் பற்றியே பேசப்போகிறேன்.

இந்த விஷயத்தைப் பேசுவதற்குக் கண்டியைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. மலைகளுக்கு நடுவே, துறைமுகத்துக்குத் தொலைவிலே அமைந்த இந்தப் பிரதேசம், தனக்கு வேண்டிய கருவியைத் தானே செய்துகொள்ளும் பழக்கத்தில் வளர்ந்தது. கொழும்பில் பிறந்து, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராக இருந்த ஆனந்த குமாரசுவாமி, பாறைகளைத் தேடிக் கிராமம் கிராமமாகச் சென்றபோது கண்டிப் பிரதேசத்துக் கைவினைஞர்களின் தொழிலையும் கண்டு, 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் அதை விரிவாகப் பதிவு செய்தார். ஹுரிகடுவ போன்ற ஊர்களில் இன்றும் வழங்கும் அரக்குக் கடைசல் அந்த மரபின் எச்சம். வில்லினாலோ கயிற்றினாலோ முன்னும் பின்னும் சுழற்றப்படுகிற பழைய கடைசல் மரத்தில், பொருளைப் பிடிக்கிற குழிவையும் முளையையும் அந்தக் கைவினைஞரே அந்தந்த வேலைக்கென்று செதுக்கிக்கொண்டார்.

பின்னர் கோப்பித் தோட்டங்கள் வந்தன. கோப்பிப் பழத்தின் தோலுரிக்கும் யந்திரங்களுக்கான தேவை பெருகிய காலத்தில், 1854ஆம் ஆண்டில், ஜோன் வோக்கர் என்பவர் கண்டியிலேயே தம்முடைய பொறியியற் பட்டறையைத் தொடங்கினார். கோப்பியைத் தொடர்ந்து தேயிலை வந்தது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், முதலில் தம் பங்களா விறாந்தையில் மேசைமேல் இலையைக் கையால் உருட்டவைத்தும், களிமண் அடுப்பில் கரி மூட்டிக் கம்பித் தட்டுகளில் உலர்த்தியும் தேயிலை செய்தார். 1872 அளவில் உருட்டுவதற்கென்று தாமே ஒரு யந்திரத்தை அமைத்துக்கொண்டார். அன்று தொடங்கிய தேயிலைத் தொழிற்சாலைகளான ஸ்டோர்களின் ரோலர்களும் தண்டுகளும் புஷ்களும் தேயத் தேய, அவற்றைப் பழுது பார்ப்பதே மலைநாட்டுப் பட்டறைகளின் பெருந்தொழிலாயிற்று. 1925இல் கட்டப்பட்ட ஹந்தானை ஸ்டோர் 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. அங்கே நிற்கும் பழைய யந்திரங்களைப் பார்க்கச் செல்கிறவர்கள், இவற்றின் ஆயுளை நீட்டித்தவர்கள் யார் என்றும் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டத்து ஸ்டோர்களில் ரோதமுனிக்குப் பூசை வைத்து, சுழலும் சக்கரத்தைத் தெய்வத்தின் காவலில் ஒப்படைத்த நம் மக்கள், அந்தச் சக்கரம் நின்றபோது அதைத் தம் கையாலேயே மீண்டும் ஓடவைத்தவர்களும் ஆவர்.

சாதனங்களைச் செய்துகொள்ள வேண்டிய நெருக்கடியும் நமக்குப் புதிதன்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், பொருளைக் கவ்விப் பிடிக்கும் சக் ஒன்று தேய்ந்தால் புதியது வாங்குவது எளிதான காரியமாக இருக்கவில்லை. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது அதே நிலை வேறு வடிவில் திரும்பி வந்ததை நீங்களே கண்டீர்கள். ஆனால், வறுமையால் வேறு வழியில்லாமல் செய்துகொள்கிற மாற்றுப் பண்டமே பட்டறையில் செய்த பிடிமானச் சாதனம் என்று எவரேனும் கருதினால், அந்த அபிப்பிராயம் முற்றிலும் தவறு என்பதை நிறுவுவதே என்னுடைய நோக்கம். சரியான முறையில், சரியான இடத்தில் செய்யப்பட்டால், அது விலைகொடுத்து வாங்கியதைவிட நுட்பமானது. அதற்கான காரணம் கடைசல் யந்திரத்தின் இயல்பிலேயே அடங்கியிருக்கிறது.

எல்லோரும் அறிந்த மூன்று தாடைச் சக்கை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே சுருளாகப் பள்ளம் வெட்டிய ஒரு தட்டு இருக்கிறது. சாவியைத் திருப்பியவுடன் அந்தத் தட்டுச் சுழன்று மூன்று தாடைகளையும் ஒருங்கே நடுவை நோக்கி நகர்த்துகிறது. விரைவும் வசதியும் மிக்க ஏற்பாடுதான். எனினும், பொருளின் நடு, சுழல்தண்டின் நடுவோடு ஒன்றவேண்டுமாயின், சுருளின் பள்ளமும், தாடைகளின் பல்லும், சக்கைத் தாங்கும் பின்தட்டும் யாவும் பிழையற்றிருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இம்மியளவு பிழை இருந்தாலும் அவை பொருளிடத்தே வந்து திரண்டு நிற்கின்றன. நல்ல சக்கிலும் மில்லிமீற்றரின் நூறில் ஐந்து பங்கு அளவுக்கு விலகல் காணப்படுவது வழக்கம். பல ஆண்டு உழைத்து, தாடைகளின் முன்வாய் அகன்றுபோன சக்கில் அது பன்மடங்காகப் பெருகிவிடும். நான்கு தாடைச் சக்கில் ஒவ்வொரு தாடையையும் தனித்தனியே நகர்த்தலாமாகையால், டயல் கேஜை வைத்து முள் அசையாத நிலைக்குப் பொருளைக் கொண்டுவர முடியும். ஆனால் ஒரே மாதிரியான ஐம்பது உறுப்புகளைச் செய்ய வேண்டிய நாளில் அத்தனை பொறுமைக்கு அவகாசம் ஏது?

இனி இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். அந்தத் தேய்ந்துபோன சக்கிலேயே ஒரு மென்னுருக்குத் துண்டைக் கவ்வவைத்து, கொம்பவுண்ட் ஸ்லைடை 30 பாகை திருப்பி, அதன் நுனியை 60 பாகைக் கூம்பாகக் கடைசல் பிடியுங்கள். அந்தக் கூம்பின் முனை எங்கே நிற்கிறது? சக் எவ்வளவு கோணலாக இருந்தாலும் சரி, துண்டு எவ்வளவு விலகிப் பிடிக்கப்பட்டிருந்தாலும் சரி, கூம்பு சுழல்தண்டின் அச்சிலேயே நிற்கிறது. ஏனெனில், அந்தக் கூம்பை உண்டாக்கியது சக் அன்று, சுழல்தண்டின் சுழற்சி. இப்போது அதைக் கழற்றாமல், டெயில் ஸ்டொக்கின் சென்டருக்கும் இதற்கும் நடுவே ஒரு தண்டை நிறுத்தி, தண்டில் அதைச் சுழற்றும் கவ்வியான கெரியரை மாட்டி, அதன் வாலைச் சக்கின் ஒரு தாடைமேல் சாய்த்து ஓட்டினால், அந்த யந்திரம் தரக்கூடிய மிக உயர்ந்த நுட்பம் உங்கள் வேலைக்குக் கிடைத்துவிடும். இதற்குச் செலவானது ஒரு சாண் இரும்பும் கால்மணி நேரமும். கழற்றி வைத்துவிட்டு மறுநாள் மீண்டும் மாட்டினால் அதன் செம்மை போய்விடும். ஆகையால் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் ஒரு மெல்லிய வெட்டு எடுத்துப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இந்த நியதியே இன்று நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் ஆதாரம்: எந்த யந்திரத்தில் பயன்படப்போகிறதோ அந்த யந்திரத்திலேயே, எந்த நிலையில் பயன்படப்போகிறதோ அந்த நிலையிலேயே கடைசல் பிடிக்கப்பட்ட சாதனம் பிழையற்றது.

இந்த நியதியை அறிந்தவன் மெல்லிய புஷ் ஒன்றைக் கடையும்போது அதன் பிரயோஜனத்தை நன்கு உணர்வான். தேயிலை ரோலரின் தண்டுக்கு ஒரு கன்மெற்றல் புஷ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெளிப்புறத்தை முடித்துவிட்டு, மூன்று தாடைகளுக்கு நடுவே அதை இறுக்கி உட்புறத்தைக் குடைகிறோம். யந்திரத்தில் இருக்கும்போது அளந்தால் துவாரம் பூரணமான வட்டமாகவே இருக்கும். தாடையைத் தளர்த்தி எடுத்து அளந்தாலோ, மூன்றிடத்தில் விரிந்தும் மூன்றிடத்தில் குறுகியும் காணப்படும். ரப்பர் வளையம் ஒன்றை மூன்று விரல்களால் அழுத்தினால் எப்படி நெளியுமோ அப்படியே மூன்று தாடைகளின் அழுத்தத்தில் புஷ்ஷும் நெளிந்திருந்தது. நெளிந்த நிலையில் வட்டமாகக் குடையப்பட்ட துவாரம், அழுத்தம் நீங்கிப் புஷ் தன் இயல்பை அடைந்தவுடன் வட்டத்தை இழந்துவிட்டது. அத்தகைய புஷ்ஷைத் தண்டில் ஏற்றினால் மூன்று இடங்களில் மட்டும் தொட்டு, அங்கே சூடேறி, விரைவில் தேய்ந்து போகும்.

இதற்குப் பரிகாரம் ஒரு பிளவு வளையம். புஷ்ஷைவிடப் பருமனான மென்னுருக்கு வளையம் ஒன்றையோ அலுமினிய வளையம் ஒன்றையோ சக்கில் மாட்டி, முதலாம் தாடைக்கு நேரே வளையத்தின்மேல் பஞ்ச் உளியால் ஒரு புள்ளி குத்தி, அதன் துவாரத்தைப் புஷ்ஷின் வெளியளவுக்குச் சரியாகப் பொருந்தும்படி குடைய வேண்டும். பிறகு கழற்றி, ஒரு பக்கத்தை வாளால் அறுத்துப் பிளந்து, அறுத்த இடத்தின் பிசிரை அரத்தால் நீக்கி, புள்ளி மீண்டும் அதே தாடைக்கு நேரே வரும்படி மாட்ட வேண்டும். இப்போது புஷ்ஷை அதனுள் நுழைத்துச் சக்கை இறுக்கினால், மூன்று முனைகளில் குவிந்த அழுத்தம் புஷ்ஷின் சுற்றளவு முழுவதிலும் பரவி நிற்கும். மிதமாக இறுக்கினாலே பிடி போதும். அந்த வளையத்தின்மேல் அளவையும் வேலையின் பெயரையும் பொறித்து ஆணியில் தொங்கவிட்டுவிட்டால், அடுத்த ஆண்டு அதே புஷ்ஷைச் செய்யும்போது எடுத்துக்கொள்ளலாம்.

தாடைகள் இரு துண்டுகளாக அமைந்து மேற்றாடையைக் கழற்றக்கூடிய சக்குகள் உள்ள பட்டறையில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். கடினமான மேற்றாடைகளுக்குப் பதிலாக மென்னுருக்கினாலோ அலுமினியத்தாலோ மூன்று தாடைகளைச் செய்து, போல்ட்டால் பொருத்தி, அவற்றையே வேண்டிய அளவுக்குக் குடைந்துகொள்வதுதான் அது. இதில் ஒரு சூக்குமம் உண்டு. தாடைகளைச் சும்மா நிறுத்திவைத்துக் குடைந்தால் பயனில்லை. சுருளுக்கும் பல்லுக்கும் இடையில் உள்ள தளர்வு அப்போது ஒரு பக்கமாகவும், பொருளைக் கவ்வும்போது மறுபக்கமாகவும் சாய்ந்துவிடும். ஆகவே தாடைகளின் உட்கோடியில் ஒரு வட்டத் தட்டைக் கவ்வவைத்து, வேலையின்போது எந்தத் திசையில் அவை இறுகுமோ அந்தத் திசையிலேயே இறுக்கி, அந்தத் தட்டுக்கு முன்னே உள்ள பகுதியைக் குடைய வேண்டும். உயர்ந்த சக்குகளுக்கும் எட்டாத நுட்பத்தை இந்த எளிய உபாயம் தந்துவிடுகிறது.

துவாரத்தை முதலில் முடித்துவிட்டு, வெளிப்புறத்தை அதனோடு ஒரே மையத்தில் கடைய வேண்டுமாயின், துவாரத்தினுள் புகுந்து பொருளைத் தாங்கும் மேன்ட்ரல் என்ற தண்டு தேவைப்படும். லொறியின் பழைய பின் அச்சுத் தண்டு இதற்கு நல்ல பண்டம். இரு முனைகளிலும் சென்டர் துளையிட்டு, அந்தத் துளைகளின் வாய் அடிபடாதபடி சிறிது உட்குழித்து, சென்டர்களுக்கு நடுவே ஓட்டி, ஓர் அடி நீளத்துக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு என்ற மிக மெல்லிய சரிவோடு கடைய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சரிவில் எண்ணெய் தடவிப் புஷ்ஷை மெல்ல அழுத்தி ஏற்றினால், போல்ட்டும் இல்லாமல் சாவியும் இல்லாமல், வெட்டின் வலுவைத் தாங்கும் அளவுக்கு அது பிடித்துக்கொள்ளும். எந்த முனை பருத்தது என்பதற்கு ஓர் அடையாளம் இட்டுவைக்க வேண்டும். அடையாளம் இல்லாத மேன்ட்ரல் அவசரத்தில் தலைமாறி ஏறி, முடித்த துவாரத்தைக் கீறிவிடும்.

தாடைகளுக்கு அகப்படாத வடிவங்களும் உண்டு. பம்பின் உடல், கியர்ப் பெட்டியின் மூடி, உடைந்துபோன தாங்கியின் கால் போன்றவை சுழல்தண்டில் மாட்டும் பேஸ் பிளேட் என்ற தட்டின்மேல்தான் அடங்கும். வார்ப்பிரும்பாலான பழைய பிளைவீல் ஒன்று இரும்புக் கடையில் கிடைத்தால், பருமனும் கனமும் அமைந்த அந்தத் தட்டைப் பேஸ் பிளேட்டாக மாற்றிக்கொள்ளலாம். முதலில் மென்னுருக்கில் ஒரு மையக்குடத்தைச் செய்து, சுழல்தண்டின் மூக்குக்குப் பொருந்த மரை வெட்ட வேண்டும். மரை இறுக்குவதற்கே உரியது. மையத்தை நிர்ணயிப்பது மரைக்கு அடுத்துள்ள வழுவழுப்பான உருளைப் பகுதியும் தோளுமே என்பதை மறவாமல், அந்தப் பகுதியைத் தளர்வின்றிப் பொருத்துவதில் முழுக் கவனம் செலுத்த வேண்டும். பிளைவீலை அந்தக் குடத்தோடு போல்ட்டால் பிணைத்த பின்னர், யந்திரத்தில் ஏற்றி, முகத்தை ஒரே ஓட்டத்தில் சீவிவிட வேண்டும். முகம் நடுவில் இம்மியளவு குழிந்திருந்தால் குற்றமில்லை. புடைத்திருத்தல் மட்டும் ஆகாது, ஏனெனில் புடைத்த முகத்தின்மேல் வைத்த பொருள் ஆடும். ஒரு பக்கத்தே கனத்த பொருளைப் பிணைக்கும்போது மறுபக்கத்தே எதிர்ப்பாரம் ஒன்றைக் கட்டி, கையால் சுழற்றி எந்த நிலையில் விட்டாலும் அந்த நிலையிலேயே நிற்கிறதா என்று பார்த்த பின்பே மோட்டாரைத் தொட வேண்டும்.

இன்னும் மெல்லிய வேலைகளுக்கு, தாடையும் போல்ட்டும் தீண்டலாகாத பித்தளைத் தகடுகளுக்கு, அரக்கே பிடிமானமாகிறது. பித்தளைத் தட்டு ஒன்றின் முகத்தைச் சீவி, சூடேற்றி, அரக்கு உருகும் பதத்தில் தகட்டை அதன்மேல் பதித்து, ஆறவிட்டால், மெல்லிய வெட்டுக்கு அது அசையாமல் நிற்கும். வேலை முடிந்ததும் மீண்டும் சூடேற்றினால் கழன்றுவிடும். மணிக்கூட்டுத் தொழிலாளர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட முறை இது. ஹுரிகடுவவில் மரத்துக்கு வண்ணமாகிற அரக்கு, இங்கே உலோகத்துக்குக் கைவிலங்காகிறது. பிலிமத்தலாவைச் சாலையோரத்தில் பித்தளை விளக்கு விற்கும் கடைகளைக் கடந்து செல்கிற நம் மாணவர்கள், மெல்லிய தகட்டை நெளியாமல் பிடிக்கும் வித்தைக்குத் தொலைதூரம் தேடிப் போகவேண்டியதில்லை.

உலகின் பிற பாகங்களிலும் இதே நெறியைப் பின்பற்றியவர்கள் உண்டு. அமெரிக்காவில் டேவிட் ஜிஞ்சரி என்பவர், 1980 தொடக்கம் வெளியிட்ட சிறு நூல்களில், கரி அடுப்பில் பழைய அலுமினியத்தை உருக்கி வார்த்து ஒரு கடைசல் யந்திரத்தையே கட்டும் முறையைப் படிப்படியாக விளக்கினார். பாதி கட்டப்பட்ட யந்திரமே தன் மீதிப் பாகங்களைக் கடைந்து முடிக்க உதவும் என்பது அவர் முறையின் உயிர்நாடி. ஒரு யந்திரம் தன்னைத் தானே திருத்திக்கொள்ள வல்லது என்ற இந்தப் பேருண்மையைப் பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு மாணவனும் தன் கையால் ஒருமுறையேனும் அநுபவித்து அறிய வேண்டும்.

கையால் செய்த சாதனத்தைக் கையாள்வதில் உள்ள அபாயத்தையும் சொல்லாமல் விடலாகாது. சுழற்சியின் வேகம் இரு மடங்கானால், பொருளை வெளியே எறியத் துடிக்கும் விசை நான்கு மடங்காகிறது. அதே விசை தாடைகளையும் வெளியே இழுத்துப் பிடியைத் தளர்த்துகிறது. எனவே புதிதாகச் செய்த எந்தச் சாதனத்தையும் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பார்த்தே படிப்படியாக உயர்த்த வேண்டும். வெடிப்பு விட்ட வார்ப்பிரும்பைச் சுழலவிடுவது உயிரோடு விளையாடுவது. சுத்தியலால் மெல்லத் தட்டி ஒலியைக் கேளுங்கள், மந்தமாக ஒலித்தால் அந்தத் தட்டை ஒதுக்கிவிடுங்கள். மரையால் ஏற்றிய சக்கும் பேஸ் பிளேட்டும் எதிர்த்திசையில் சுழற்றினால் கழன்று வரக்கூடும். கெரியரின் வால் சட்டைக் கையையோ சாரத்தின் தலைப்பையோ பற்றினால் விடாது. ஆகையால் தொங்கும் உடையோடும், அவிழ்ந்த கூந்தலோடும், கையுறையோடும் லேத்தை அணுகக்கூடாது. சக்கின் சாவியைக் கையிலிருந்து விடுவதாயின் அதன் இடம் மேசை. சக் ஒருபோதும் அதன் இடமன்று.

இவ்வளவும் கூறியதன் கருத்து, நாம் எதையும் விலைகொடுத்து வாங்கவே கூடாது என்பதன்று. நல்ல சக்கும், நல்ல டயல் கேஜும் பட்டறைக்கு அவசியமே. ஆனால் வாங்கிய சாதனம் உலகிலுள்ள எல்லா யந்திரங்களுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. நம் யந்திரத்தின் குணமும் குற்றமும் அதற்குத் தெரியா. நாம் செய்துகொண்ட சாதனமோ நம் யந்திரத்திலேயே பிறந்தது. அதன் அச்சைத் தன் அச்சாகக் கொண்டது. விலை உயர்ந்த யந்திரங்கள் நிறைந்த பட்டறைக்கும், ஒரேயொரு பழைய லேத்தை வைத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டையிலோ கம்பளையிலோ பிழைப்பு நடத்தும் பட்டறைக்கும் இடையேயுள்ள தூரத்தை, இந்த ஒரு நியதியைக் கற்றவன் வெகுவாகக் குறைத்துவிட முடியும். பணத்தால் வரும் நுட்பம் பணம் உள்ளவரையே நிற்கும். அறிவால் வரும் நுட்பம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் குறைவின்றிப் போய்ச் சேரும்.

ஆதலால் இரண்டு வேண்டுகோள்களோடு என் உரையை நிறைவு செய்கிறேன். பயிற்சி அளிக்கும் ஆசிரியர்களே, மாணவர்களுக்கு முதலில் கொடுக்கும் வேலை, செய்து முடித்ததும் பழைய இரும்புப் பெட்டியில் எறிந்துவிடும் மாதிரித் துண்டாக இல்லாமல், பட்டறையில் நாளைக்கும் பயன்படும் ஒரு பிளவு வளையமாகவோ மேன்ட்ரலாகவோ இருக்கட்டும். அதன்மேல் செய்தவரின் பெயரும் பொறிக்கப்படட்டும். மாணவர்களே, நீங்கள் உங்கள் பட்டறைக்குத் திரும்பியதும் நான் சொன்ன மென்னுருக்குச் சென்டரைச் செய்து பாருங்கள். அதன் கூம்பின்மேல் டயல் கேஜை வைத்து, சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுழற்றுங்கள். பின்னர் அதே சக்கில் வேறொரு வட்டத் தண்டைக் கவ்வவைத்து அதன்மேலும் கேஜை வைத்துச் சுழற்றுங்கள். இரண்டுக்கும் இடையே முள் காட்டும் வேற்றுமையை உங்கள் கண்ணாலேயே கண்ட பின்னர், இந்தச் சொற்பொழிவு உங்களுக்குத் தேவைப்படாது. அதன் பிறகு எந்தச் சாதனத்தைச் செய்துகொள்ள வேண்டும் என்பதை உங்கள் வேலையே உங்களுக்குச் சொல்லும்.